ஒரே வளவில் தனித்தனிப் புள்ளி
(வாசகர் கேள்வி பதில்)

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. ஏஎஸ்/400 என்று நான் பழகியதும், இன்று ஐபிஎம் ஐ என்று பெயர் மாறி ஓடிக்கொண்டிருப்பதுமான அந்த வணிகக் கணினியில், ஓடுகிற புரோகிராம்கள் எந்தக் குழுவில் சேர்ந்து உட்காருகின்றன? ஆக்டிவேஷன் குரூப் என்கிற அந்த ஏற்பாட்டை ஒழுங்காக வைத்துக்கொள்வது எப்படி? மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும். காரைக்குடியைச் சுற்றி இத்தனை பிள்ளைகள் இந்த இயந்திரத்தில் வேலை பார்க்கிறார்கள் என்று தெரிந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஆச்சி, சென்னையில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. ஆக்டிவேஷன் குரூப் என்றால் என்ன என்று சீனியரிடம் கேட்டால், "ஸ்டார் காலர் போட்டுவிடு, ஓடும்" என்கிறார். ஓடுகிறது. ஆனால் ஏன் என்று தெரியவில்லை.
— ஒரு வாசகி, பள்ளத்தூர்

ஆத்தா, நீ பள்ளத்தூர்க்காரி. கையேட்டை மூடி வைத்துவிட்டு உங்கள் பெரிய வீட்டை நினைத்துக்கொள். முகப்பு, பட்டாலை தாண்டினால் வளவு, அதாவது நடு முற்றம். வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். ஒரு புள்ளிக்கு, அதாவது ஒரு கணவன் மனைவி குடும்பத்துக்கு, ஓர் அறை, ஒரு பூட்டு, ஒரு சாவி. மகனுக்குக் கல்யாணம் முடிந்தால் அவனும் மருமகளும் தனிப் புள்ளி. அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் கொடுத்து வேறு வைத்துவிடுவார்கள். வீடும் வாசலும் ஒன்றுதான், அடுப்பும் கணக்கும் வேறு. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் சண்டை போட்டுப் பிரிந்துவிட்டார்களா என்பார்கள். சண்டை வராமல் இருக்க முதலிலேயே செய்துவைத்த ஏற்பாடு அது என்பது உனக்கும் எனக்கும் தெரியும்.

காலையில் பச்சை எழுத்துத் திரையில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே நுழைகிறாயே, அந்த நொடியில் உனக்கென்று ஒரு ஜாப் பிறக்கிறது. அதுதான் வீடு. நீ சைன் ஆஃப் செய்யும்போது வீடு மொத்தமும் போய்விடும். அந்த வீட்டுக்குள் இருக்கும் அறைகள்தான் ஆக்டிவேஷன் குரூப். ஒவ்வோர் அறையிலும் அந்தப் புள்ளியின் சாமான்கள் இருக்கும்: புரோகிராம்களின் நிலையான மாறிகள், அவை கேட்டு வாங்கிய நினைவகம், திறந்து வைத்திருக்கும் ஃபைல்கள், போட்டு வைத்த ஓவர்ரைடுகள் (இந்த ஃபைலுக்குப் பதில் அந்த ஃபைல் என்று காட்டிவிடும் கட்டளைகள்), கமிட்மென்ட் கன்ட்ரோல் கணக்கு (எழுதிய மாற்றங்களை மொத்தமாக நிரந்தரமாக்கும் கமிட்டுக்கும், மொத்தமாகத் திருப்பும் ரோல்பேக்குக்குமான ஏற்பாடு). ஒரே புரோகிராம் இரண்டு அறையில் உட்கார்ந்தால் மாறிகளுக்கு இரண்டு நகல் உண்டாகும். ஓர் அறையில் நீ 5 என்று எழுதியது மற்ற அறைக்குத் தெரியாது.

வளவு என்பது டிஃபால்ட் ஆக்டிவேஷன் குரூப். வீடு கட்டும்போதே அதுவும் வந்துவிடும், வீடு இருக்கும்வரை அதை யாரும் அழிக்க முடியாது. 1988-ல் ஏஎஸ்/400 வந்தபோது எல்லாப் புரோகிராமும் வளவில்தான் புழங்கின. 1990-களின் தொடக்கத்தில் புரோகிராம்களுக்குத் தனி அறை தரும் ஐஎல்இ என்ற ஏற்பாடு முதலில் சி மொழிக்கு வந்தது. 1994-ல் நாம் வணிகப் புரோகிராம் எழுதும் ஆர்பிஜி மொழியின் நான்காம் வடிவம் வந்தபோது நமக்கும் அறை கிடைத்தது.

இனி உன் சீனியர் சொன்னதற்கு வருகிறேன். கம்பைல் செய்யும்போது குழுவை மூன்று விதமாகச் சொல்லலாம் (ஸ்டார் என்பது சொல்லுக்கு முன் போடும் * குறி). குழுவுக்கு நீயே ஒரு பெயர் வைக்கலாம், அது அந்தப் பெயருள்ள அறை. ஸ்டார் காலர் என்றால், கூப்பிட்டவர் எந்த அறையில் இருக்கிறாரோ அங்கேயே போய் உட்காரும் விருந்தாளி. ஸ்டார் நியூ என்றால் ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் புதிதாகப் பந்தல் போட்டு, வேலை முடிந்ததும் பிரித்துவிடுவது. உன் சீனியர் சொன்னது தவறில்லை. ஆனால் எல்லாருமே விருந்தாளி என்றால் வீட்டுக்காரர் யார்? வளவில் நிற்கிற பழைய மெனுவிலிருந்து ஸ்டார் காலர் புரோகிராமைக் கூப்பிட்டால் அதுவும் வளவிலேயே தங்கிவிடும். பிறகு அதைத் துடைத்துச் சுத்தம் செய்ய உன்னிடம் சாவி கிடையாது.

என் பழக்கத்தைச் சொல்கிறேன். ஒரு வேலைக்கு வாசலாக இருக்கும் புரோகிராமுக்குப் பெயருள்ள அறை. அதற்குக் கீழே வரும் எல்லாவற்றுக்கும், பல புரோகிராம்கள் பகிர்ந்து கூப்பிடும் சர்வீஸ் புரோகிராம்கள் உள்பட, ஸ்டார் காலர். இந்த ஒரு பழக்கம் என்னை எத்தனையோ இரவுகள் தூங்க வைத்திருக்கிறது.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அறை என்று நான் சொன்னதால் அது பாதுகாப்பு என்று நினைத்துவிடாதே. யாருக்கு எந்த ஃபைலைத் தொட உரிமை என்பதை ஆக்டிவேஷன் குரூப் தீர்மானிப்பதில்லை. ஒரு பாயின்டரை, அதாவது நினைவக முகவரியை, அடுத்த அறைக்குக் கொடுத்தால் அங்கிருந்தே இங்குள்ள நினைவகத்தில் எழுதலாம். சாமான் கலக்காமல் இருக்கத்தான் இந்தச் சுவர்.

ஒரு புரோகிராம் எந்தக் குழுவுக்கு என்று கம்பைல் ஆகியிருக்கிறது, ஓடும்போது எங்கே இருக்கிறது என்பதை எப்படிப் பார்ப்பது?
— ஒரு வாசகர், கோட்டையூர்

முதலாவதுக்கு டிஎஸ்பிபிஜிஎம் கட்டளை. ஆக்டிவேஷன் குரூப் அட்ரிப்யூட் என்ற வரியைப் பாருங்கள். இரண்டாவதுக்கு ஜாபின் மேல் டபிள்யூஆர்கேஜாப் கொடுத்து 18-ஆம் விருப்பம். இரண்டையும் பாருங்கள் தம்பி. ஸ்டார் காலர் என்று கம்பைல் ஆன புரோகிராம் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்பதை ஓடும்போது பார்த்தால்தான் தெரியும்.

எங்கள் மொத்த வியாபாரத்துக்கு நான்கு கிளைகள். கிளைக்கு ஒரு ஸ்டாக் ஃபைல். சிஎல் (கட்டளை மொழி) புரோகிராமில் ஓவர்ரைடு போட்டு, அந்தந்தக் கிளை ஃபைலைக் காட்டிவிட்டு ஆர்பிஜி புரோகிராமைக் கூப்பிடுவோம். பல வருடமாக ஒழுங்காக ஓடியது. இரண்டையும் ஐஎல்இ-க்கு மாற்றினேன். சிஎல் க்யூஐஎல்இ குழுவில், ஆர்பிஜிக்கு ஸ்டாக் என்று தனிக் குழு. மறுநாள் பார்த்தால் மதுரைக் கிளையின் வரவெல்லாம் தலைமைக் கடை ஃபைலில் ஏறியிருக்கிறது. ஓவர்ரைடு வரி அப்படியேதான் இருக்கிறது. எங்கே தப்பு செய்தேன், ஆச்சி?
— ஒரு வாசகர், தேவகோட்டை

தம்பி, நீங்கள் மனம் உடைய வேண்டாம். ஒரு வரியைக்கூட மாற்றாமல் அர்த்தம் மாறிப்போகிற இடம் இது. நானும் இதில் விழுந்திருக்கிறேன்.

ஓவர்ரைடு கட்டளைக்கு ஸ்கோப் என்று ஒரு பகுதி உண்டு. நாம் எதுவும் எழுதாவிட்டால் ஸ்டார் ஆக்ட்ஜிஆர்பிடிஎஃப்என் என்று எடுத்துக்கொள்ளும். அதாவது, கட்டளை எந்தக் குழுவிலிருந்து வருகிறதோ அதைப் பொறுத்து முடிவு செய்கிறேன் என்று அர்த்தம். உங்கள் பழைய சிஎல் வளவில் நின்று ஓவர்ரைடு போட்டது. வளவில் போட்டால் அது கால் லெவல் ஓவர்ரைடு: அந்த சிஎல்லும், அதற்குக் கீழே கூப்பிடப்பட்ட எல்லாரும், எந்த அறையில் இருந்தாலும் அதற்குக் கட்டுப்படுவார்கள். இப்போது உங்கள் சிஎல் க்யூஐஎல்இ என்ற அறைக்குள் நின்றுகொண்டு அதே கட்டளையைச் சொல்கிறது. அறைக்குள் சொன்னால் அது அந்த அறைக்கு மட்டும். ஸ்டாக் என்ற அடுத்த அறையில் ஃபைலைத் திறந்த ஆர்பிஜி புரோகிராமின் காதில் அது விழவே இல்லை. பிழைச் செய்தியும் வராது, ஏனென்றால் இயந்திரத்தின் கணக்கில் எதுவும் பிழையில்லை. அது அசல் ஃபைலைத் திறந்து எழுதிக்கொண்டே போயிற்று.

ஆர்பிஜியை ஸ்டார் காலர் என்று மறுபடி கம்பைல் செய்யுங்கள், அல்லது சிஎல்லையும் ஸ்டாக் குழுவுக்கே கொண்டுவாருங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்வேன். க்யூஐஎல்இ என்பது பெயர் சொல்லாதவர்கள் எல்லாரும் வந்து தங்கும் சத்திரம் மாதிரி. நீங்கள் விலைக்கு வாங்கிய வேறொரு பேக்கேஜும் அங்கே தங்கியிருக்கலாம். அதன் ஓவர்ரைடும் உங்கள் ஓவர்ரைடும் ஒரே அறையில் கலந்தால், யார் சொன்னதை யார் கேட்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.

கம்பைல் செய்ய இன்றைக்கே முடியாது என்றால், ஓவர்ரைடு வரியில் ஸ்கோப்பை ஸ்டார் கால்லெவல் என்று எழுதுங்கள். பழைய நடத்தை திரும்பிவிடும். ஸ்டார் ஜாப் என்று போட்டாலும் வேலை செய்யும் என்று பக்கத்து இருக்கையில் யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அது வீடு முழுக்கக் கூவிச் சொல்வது. நீங்கள் நீக்கும்வரை அது நீங்காது. மதுரைக் கிளை வேலை முடிந்த பிறகு அதே திரையில் தேவகோட்டைக் கிளையின் வேறொரு திட்டத்தைத் திறந்தால், அதுவும் மதுரை ஃபைலில் போய் எழுதும்.

இதற்கு நேரெதிரான ஒன்றும் உண்டு. ஓவர்ரைடு போடுவதற்கென்றே ஒரு சின்ன சிஎல் வைத்திருப்பார்கள். அது வளவில் ஓடினால், திரும்பியவுடன் அது போட்ட ஓவர்ரைடும் போய்விடும். பெயருள்ள அறையில் ஓடினால் திரும்பிய பிறகும் நிலைத்திருக்கும். உங்களிடம் அப்படி ஏதாவது இருந்தால் அதையும் இன்றே தேடிப் பாருங்கள்.

அரிசி ஆலைகளுக்கான பில்லிங் எங்களுடையது. பில்லின் ஒவ்வொரு வரிக்கும் விலை பார்க்கும் புரோகிராமைக் கூப்பிடுகிறோம். இரவு வேலை முன்பு இருபது நிமிடத்தில் முடிந்தது. விலை புரோகிராமைப் புதிதாக எழுதிய பிறகு மூன்று மணி நேரம் ஆகிறது. லாஜிக் பழையதைவிடச் சுருக்கமாகத்தான் இருக்கிறது.
— ஒரு வாசகர், புதுவயல்

லாஜிக்கைப் பார்க்க வேண்டாம். டிஎஸ்பிபிஜிஎம் கொடுத்துப் பாருங்கள், ஸ்டார் நியூ என்று இருக்கும் என்று நினைக்கிறேன். முந்தைய வெளியீடுகளில், புரோகிராமை உருவாக்கும் சிஆர்டிபிஜிஎம் கட்டளைக்கு நாம் எதுவும் சொல்லாவிட்டால் அதுவே ஸ்டார் நியூ என்று எடுத்துக்கொண்டது. அந்தக் கட்டளையை அப்படியே நகலெடுத்து வைத்திருக்கும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன.

ஒரு பில் வரிக்கு விலை கேட்கிறீர்கள். பந்தல் போட வேண்டும், அதாவது நினைவகம் ஒதுக்கி, மாறிகளுக்குத் தொடக்க மதிப்பு கொடுக்க வேண்டும். பிறகு விலை ஃபைலையும் தள்ளுபடி ஃபைலையும் திறக்க வேண்டும். ஒரே ஒரு வரியைப் படித்துவிட்டு இரண்டையும் மூட வேண்டும், பந்தலைப் பிரிக்க வேண்டும். அடுத்த வரிக்கு மறுபடி முதலிலிருந்து. இதில் கனமான வேலை ஃபைலைத் திறப்பது. விலையைப் படிப்பதற்கு ஆகும் நேரம் அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

ஸ்டார் காலர் என்று மாற்றுங்கள். கூடவே, விலை புரோகிராமின் முடிவில் எல்ஆர் இண்டிகேட்டரை, அதாவது என் வேலை முடிந்தது என்று சொல்லும் குறியை, போடாமல் வெறுமனே ரிட்டர்ன் செய்யுங்கள். ஃபைல்கள் திறந்தபடியே இருக்கும், அடுத்த அழைப்பு நேராகப் படிக்கப் போய்விடும். இரவு வேலை முடியும்போது "போதும்" என்று சொல்வதற்கு ஒரு அளபுரு வைத்து, அப்போது மட்டும் எல்ஆரைப் போட்டு மூடச் சொல்லுங்கள்.

ஸ்டார் நியூவை நான் வெறுப்பதாக எழுத வேண்டாம். அதற்கு ஒரு நல்ல இடம் உண்டு. ஒருவர் ஃபோனில் ஆர்டர் எடுத்துக்கொண்டிருக்கிறார், பாதியில் இன்னொரு வாடிக்கையாளர் அவசரமாகக் கூப்பிடுகிறார். அட்டென்ஷன் விசையை அமுக்கி அதே ஆர்டர் திரையை இன்னொரு முறை திறக்க வேண்டும். ஒரே குழுவுக்குள் வழக்கமான ஆர்பிஜி புரோகிராம் தன்னையே மறுபடி கூப்பிட முடியாது. ஸ்டார் நியூ இருந்தால் இரண்டாவது ஆர்டருக்குத் தனிப் பந்தல், முதல் ஆர்டர் பாதியில் நின்றபடி அப்படியே காத்திருக்கும். எப்போதாவது ஒரு முறை கூப்பிடும் இடத்துக்கு அது மிகவும் சரி.

எல்ஆர் போட்டால் புரோகிராம் நினைவகத்தைவிட்டே போய்விடுமா?
— ஒரு வாசகி, கண்டனூர்

பெயருள்ள குழுவில் போகாது. ஃபைல்கள் மூடப்படும், அடுத்த முறை கூப்பிடும்போது மாறிகள் தொடக்க மதிப்போடு வரும். ஆனால் அதன் இடம் குழு அழியும்வரை அறையில் இருக்கும்.

பில் எண் கொடுப்பதற்கு ஒரு சர்வீஸ் புரோகிராம் எழுதினேன். கடைசி எண்ணை ஒரு நிலையான மாறியில் வைத்து, ஒவ்வொரு முறையும் ஒன்று கூட்டிக் கொடுக்கும். ஒரே ஆள், ஒரே திரை, ஆனால் ஒரே எண் இரண்டு பில்லுக்கு வந்துவிட்டது.
— ஒரு வாசகர், காரைக்குடி

மேலே பள்ளத்தூர் வாசகிக்கு எழுதியதில், ஒரே புரோகிராமுக்கு இரண்டு அறையில் இரண்டு நகல் என்று சொன்ன வரியை இன்னொரு முறை படியுங்கள். சர்வீஸ் புரோகிராம்களுக்கு ஸ்டார் காலர்தான் வழக்கம். ரொக்க பில் ஒரு குழுவில், கடன் பில் இன்னொரு குழுவில் இருந்திருக்கும். இரண்டு அறையிலிருந்தும் உங்கள் சர்வீஸ் புரோகிராமைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு அறைக்கும் தனித்தனி எண் மாறி. இரண்டும் தனித்தனியாக எண்ணிக்கொண்டு வந்து ஓரிடத்தில் மோதிவிட்டன.

அந்த ஒரு சர்வீஸ் புரோகிராமுக்கு மட்டும் பெயருள்ள குழு கொடுத்தால் இந்த ஜாபுக்குள் பிரச்சினை தீரும். ஆனால் பக்கத்துத் திரையில் இருப்பவர் வேறு ஜாப், வேறு வீடு. பில் எண்ணை மாறியில் வைக்கவே வேண்டாம். எல்லா ஜாபும் பார்க்கக்கூடிய ஒரு டேட்டா ஏரியாவில் வைத்து, பூட்டி எடுத்து, கூட்டி எழுதித் திறந்துவிடுங்கள்.

ஆச்சி, எங்கள் கணக்குத் திட்டத்தில் எப்போதாவது ஒரு வவுச்சரில் வரவு மட்டும் ஏறியிருக்கிறது, பற்று இல்லை. ரோல்பேக் எழுதியிருக்கிறோம், கமிட் எழுதியிருக்கிறோம். மாதம் இரண்டு மூன்று முறைதான் நடக்கிறது, டெஸ்ட் செய்தால் வருவதில்லை. முதலாளி நேர்மையைச் சந்தேகப்படுகிற அளவுக்கு வந்துவிட்டது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், புதுக்கோட்டை

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்த பிறகு எனக்கு வேறு கடிதம் எதையும் எடுக்கத் தோன்றவில்லை. இதே இடத்தில் நான் நின்றிருக்கிறேன்.

2003 என்று நினைவு. சென்னையில் ஓர் அலுவலகம். மாதக் கடைசி. ஐந்தொகை போட்டால் இரண்டு பக்கமும் இடிக்கிறது, வித்தியாசம் 12,480 ரூபாய். பெரிய தொகை இல்லை. ஆனால் எங்கள் ஐயா பர்மாவில் கணக்கு எழுதியவர். ஐந்தொகை ஓரணா இடித்தாலும் பேரேட்டை மூட மாட்டார் என்று வீட்டில் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். அன்று வவுச்சர் பதிந்த பையனை மேலாளர் கூப்பிட்டுக் கேட்ட கேள்விகளை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அவன் கை நடுங்கியது. அவன் செய்த ஒரே காரியம், திரை கேட்டதை அடித்ததுதான்.

அன்றிரவு, ஃபைல் மாற்றங்களை வரிசையாகப் பதிந்து வைக்கும் ஜர்னலைத் திறந்து அந்த வவுச்சரின் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கமிட் சுழற்சி தொடங்கும் இடத்தில் சி எஸ்சி என்று ஒரு பதிவு வரும். முடிந்தால் சி சிஎம், திருப்பினால் சி ஆர்பி. ஒரு வவுச்சருக்கு ஒரு எஸ்சிதான் வர வேண்டும். அங்கே இரண்டு எஸ்சி இருந்தன. முதலில் ஒரு எஸ்சி, அதன் கீழே பற்று எழுதியது. பிறகு இன்னொரு எஸ்சி, வரவு எழுதியது, உடனே ஒரு சிஎம். அதன் பிறகு முதல் சுழற்சிக்கு ஆர்பி. அந்த சிஎம் யார் போட்டது? எங்கள் புரோகிராம் எதிலும் அந்த இடத்தில் கமிட் எழுதவில்லை. திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நடந்தது இது. முதன்மைப் புரோகிராம் தன் குழுவுக்குள் கமிட்மென்ட் கன்ட்ரோலைத் தொடங்கியிருந்தது, ஸ்கோப் ஸ்டார் ஆக்ட்ஜிஆர்பி. பற்றை எழுதிவிட்டு, வரவை எழுத வேறொரு புரோகிராமைக் கூப்பிட்டது. அந்த இரண்டாவது புரோகிராம் எஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மொழி சேர்த்து எழுதிய ஆர்பிஜி, கம்பைல் ஆகியிருந்தது ஸ்டார் நியூ. புதுப் பந்தலுக்குள் வந்த எஸ்க்யூஎல், அங்கே கமிட்மென்ட் கணக்கு எதுவும் இல்லை என்று பார்த்து, தானே புதிதாக ஒன்றைத் தொடங்கிக்கொண்டது. வரவை எழுதிவிட்டுத் திரும்பியது. திரும்பியதும் பந்தலைப் பிரிக்க வேண்டும். ஒரு ஆக்டிவேஷன் குரூப் ஒழுங்காக முடிந்தால், அதில் தொங்கலாக இருக்கும் மாற்றங்களை இயந்திரமே கமிட் செய்துவிடும். பிழையோடு முடிந்தால்தான் ரோல்பேக். இங்கே ஒழுங்காகத்தான் முடிந்தது. ஆகவே வரவு நிரந்தரமாகிவிட்டது.

பிறகு முதன்மைப் புரோகிராமில் கடைசிச் சோதனை, காசோலை எண் ஏற்கெனவே வந்திருக்கிறதா என்பது. வந்திருந்தது. ரோல்பேக் என்றது. ரோல்பேக் தன் அறையில் இருந்த பற்றைத் திருப்பியது. வரவு இருந்த பந்தல் அப்போது இல்லவே இல்லை. காசோலை எண் இரண்டாம் முறை வந்தால் மட்டுமே இது நடக்கும் என்பதால்தான் மாதத்துக்கு இரண்டு மூன்று முறை. நாங்கள் டெஸ்ட் செய்தபோதெல்லாம் ஒழுங்கான வவுச்சரைத்தான் போட்டுப் பார்த்திருந்தோம்.

உங்களுக்கும் இதுதான் என்று நான் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் நீங்கள் எழுதிய அடையாளங்கள் ஒன்றுவிடாமல் பொருந்துகின்றன. ஜர்னலில் அந்த வவுச்சருக்கு எத்தனை எஸ்சி என்று எண்ணுங்கள். இரண்டு என்றால், வரவு எழுதும் புரோகிராமை ஸ்டார் காலர் என்று மறுபடி கம்பைல் செய்யுங்கள். பற்றும் வரவும் ஒரே அறையில் இருந்தால் ஒரே கமிட்மென்ட் கணக்கு, ஒரே கமிட், ஒரே ரோல்பேக். கமிட்மென்ட் ஸ்கோப்பை ஸ்டார் ஜாப் என்று மாற்றினாலும் அறைகளைத் தாண்டிச் சேர்ந்துகொள்ளும். ஆனால் அப்போது அதே ஜாபில் யார் கமிட் என்று சொன்னாலும் உங்கள் பாதி வவுச்சரும் சேர்ந்து நிரந்தரமாகிவிடும். கணக்குக்கு நான் அதைச் செய்ய மாட்டேன்.

ஜர்னல் பதிவுகளை அச்செடுத்து முதலாளியிடம் கொண்டுபோய் வையுங்கள். இரண்டு எஸ்சி, நடுவில் யாரும் எழுதாத ஒரு சிஎம். எந்த மனிதரும் விசைப்பலகையிலிருந்து செய்யக்கூடிய காரியம் இல்லை அது என்று சொல்லுங்கள். எங்கள் அலுவலகத்தில் மேலாளர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, எழுந்து போய் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டார்.

எல்லா வேலையும் முடிந்ததும் ரிக்ளெய்ம் ஆக்டிவேஷன் குரூப் கட்டளையில் ஸ்டார் எலிஜிபிள் போட்டு எல்லாவற்றையும் துடைத்துவிடலாமா?
— ஒரு வாசகர், ஆத்தங்குடி

வேண்டாம். அந்தக் கட்டளை, அந்த நேரத்தில் உள்ளே யாரும் ஓடாத எல்லாக் குழுவையும் அழித்துவிடும், உங்களுடையது இல்லாததையும் சேர்த்து. வேறொரு பேக்கேஜ் தன் ஃபைல்களைத் திறந்து வைத்துவிட்டு அடுத்த அழைப்புக்காகக் காத்திருந்திருக்கலாம். உங்கள் குழுவின் பெயரைச் சொல்லி அதை மட்டும் துடையுங்கள். பெயர் வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகவும்தான்.

பழைய ஆர்பிஜி புரோகிராம்கள் முந்நூறுக்கு மேல் இருக்கின்றன. எல்லாம் டிஃபால்ட் குழு. மாற்ற வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். எங்கிருந்து தொடங்குவது?
— ஒரு வாசகி, கானாடுகாத்தான்

மூலத்தைத் திறக்கும் முன் யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்ற பட்டியலை எடுங்கள் ஆத்தா. டிஎஸ்பிபிஜிஎம்ஆர்இஎஃப் கட்டளையை மொத்த லைப்ரரிக்கும் ஓடவிட்டு ஒரு ஃபைலில் வாங்கிக்கொள்ளுங்கள். கூப்பிடும் பெயரை மாறியில் வைத்திருக்கும் இடங்களில் ஸ்டார் வேரியபிள் என்று மட்டுமே வரும். அவற்றை மட்டும் கையால் தேட வேண்டும், வேறு வழியில்லை.

பட்டியலில் யாராலும் கூப்பிடப்படாமல், மெனுவிலிருந்து நேரே வருகிறவற்றைப் பிரியுங்கள். முந்நூறில் முப்பது நாற்பதுதான் தேறும். அவைதான் வாசல்கள். ஒன்றாகக் கமிட் ஆக வேண்டியவை எவை, ஒரே ஓவர்ரைடைப் பார்க்க வேண்டியவை எவை என்று பார்த்து, அந்த வாசல்களுக்குப் பெயர் வையுங்கள்: பில்லுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, ஸ்டாக்குக்கு ஒன்று. ஐந்தாறு பெயருக்கு மேல் தேவைப்படாது. மீதி எல்லாம் ஸ்டார் காலர்.

மாற்றும்போது ஒரு வாசலை எடுத்தால் அதன் கீழே இருக்கும் மொத்தப் பேரையும் ஒரே நாளில் மாற்றுங்கள். மேலே பாதி வளவிலும் கீழே பாதி அறையிலும் நிற்கும்படி ஓர் இரவுகூட விடாதீர்கள். தேவகோட்டைத் தம்பியின் மதுரைக் கிளை வரவு, மேலும் கீழும் வேறு வேறு அறையில் நின்றதால்தான் வழி தவறிப் போனது. முதலில் கணக்கை எடுக்க வேண்டாம், ஸ்டாக் விசாரணைத் திரை மாதிரி படிக்க மட்டும் செய்கிற ஒன்றை எடுங்கள். மாற்றிய பிறகு ஜாபின் 18-ஆம் விருப்பத்தைத் திறந்து, டிஃபால்ட் குழு தவிர உங்கள் பெயர் ஒன்று மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். க்யூஐஎல்இ என்று ஒரு வரி அங்கே தெரிந்தால், யாரோ ஒருவரை மாற்ற மறந்திருக்கிறீர்கள். அவரைக் கண்டுபிடித்த பிறகு அடுத்த வாசலுக்குப் போங்கள்.